மௌஸ மாத்திட்டுப் போங்கக்கா

எங்க வீட்டுல யாராவது காத்து கருப்புன்னு பேச ஆரம்பிச்சா நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சிட்டு உக்காந்துக்குவேன், என் வீட்டுக்காரிக்கு இதுல எம்மேல எப்பவும் கோவம். நான் பொறந்தது ஜொகூர்ல சிம்பாங் ரெங்கம் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல, அங்க மரத்துக்கு ஒரு முனி இருக்கும், லயத்து வீட்டு வரிசைக்கு ஒரு கத இருக்கும், சின்ன வயசுலயே அத்தனையும் கேட்டாச்சு, ஒன்னையும் நம்புனதில்ல. இப்ப நான் சொல்லப்போறதையும் நீங்க அந்த மாதிரிதான் கேக்கப் போறீங்க, கேளுங்க, பரவால்ல, உங்க எடத்துல நான் இருந்திருந்தா எழுந்தே போயிருப்பேன். ஆனா இது நடந்துச்சு லா. அதுவும் பட்டப்பகல்ல நடந்துச்சு, இருட்டுல எதையோ பாத்துப் பயந்துட்டேன்னு சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்ல.

தம்போய்ல எனக்கு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கட இருக்கு. கடன்னதும் பெருசா நெனச்சிடாதீங்க, சலூனுக்கும் டயர் கடைக்கும் நடுவுல ஒரு ஷட்டர், உள்ள நானு, ஒரு மேச, ஒரு இரும்பு அலமாரி, அவ்வளவுதான். வருமானம் வர்றது ஆபீசுங்கள்ல இருந்து. அதுல ஒன்னு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், ஜொகூர் முழுக்க சாமான் ஏத்தி எறக்கற கம்பெனி, முதலாளி ஒரு சீனத் தவுக்கே, நல்ல மனுஷன்தான், ஆனா கம்ப்யூட்டர் வாங்கறதுல மட்டும் மகா கஞ்சன். சிங்கப்பூர்ல எந்தக் கம்பெனியாவது பழசத் தள்ளுதுன்னு கேள்விப்பட்டாப் போதும், காடி எடுத்துட்டுப் போயி ரெண்டு அள்ளிட்டு வந்துடுவாரு. அதனால அந்த ஆபீஸ்ல ஒரு மெஷினு மாதிரி இன்னொன்னு இருக்காது. ஒன்னுல விண்டோஸ் போட்டா சவுண்டு வராது, இன்னொன்னுல நெட்வொர்க் வராது, மூணாவதுல ஹார்ட் டிஸ்க்கே இல்லன்னு சொல்லும், உள்ள டிஸ்க் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கும். எல்லாம் ஒரே சாதியா இருந்தா ஒன்ன சரியாப் போட்டு மத்ததுக்கெல்லாம் அப்படியே காப்பி அடிச்சிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போயி தூங்கலாம். அங்க அது நடக்காது, ஒவ்வொன்னையும் தனித்தனியா உக்காந்து அழிச்சி, தனித்தனியா போட்டு, அதுக்குண்டான டிரைவர் சாஃப்ட்வேரத் தேடிப் போடணும். இத ஏன் இவ்ளோ விளக்கமா சொல்றேன்னா, பின்னாடி நீங்க அதத்தான் கேப்பீங்க.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கம்ப்யூட்டரத் தொடறதுக்கு முன்னாடி அதுல யாரு உக்காந்து வேல செய்யறாங்களோ அவங்க வாயால சரின்னு கேட்டுக்குவேன். எல்லாம் எடுத்து வச்சிட்டீங்களா, அழிக்கட்டுமான்னு கேப்பேன். முதலாளி சொன்னாப் பத்தாது. ஏன்னா முதலாளிக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாது, கல்யாண போட்டோ போனாலும் எங்கிட்ட வந்து அழறது அந்த ஆளுதான்.

அந்த ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணியா இருந்தவங்க விமலா அக்கா. அம்பது வயசு இருக்கும், நல்ல சத்தமான ஆளு, நான் கதவத் தொறக்கும்போதே "வந்துட்டாருடா டாக்டரு"ன்னு கத்துவாங்க. அவங்க இடது கைக்காரங்க. நம்ம ஆளுங்ககிட்ட இடது கைன்னா என்ன பாடுன்னு உங்களுக்குத் தெரியும். சின்னப் புள்ளையில சாப்பாட்டுத் தட்டுல இடது கை வச்சதுக்கு அவங்கப்பா விரல்லயே அடிப்பாராம். எழுதறது, சாப்புடறது, ஒரு பொருளக் குடுக்கறது வாங்கறது எல்லாத்தையும் வலது கைக்கு மாத்திட்டாங்களாம். ஆனாலும் அவசரத்துல எனக்கு கோப்பி நீட்டும்போது இடது கையிலதான் நீட்டுவாங்க, அப்பறம் நாக்கக் கடிச்சிட்டு கைய மாத்துவாங்க. மௌஸ் மட்டும் எப்பவும் இடது கைதான். "இந்த எலிக்கு மட்டும்தான் தம்பி எந்தக் கைன்னு கவல இல்ல, அத எங்கப்பா பாக்கல"ன்னு ஒரு தடவ சொல்லிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு அது சிரிப்பா இல்ல.

கம்ப்யூட்டர்ல மௌஸோட ரெண்டு பட்டனையும் இடம் மாத்தி வைக்க ஒரு செட்டிங் இருக்கு, இடது கைக்காரங்களுக்குன்னு. அக்கா அதப் போட்டுத்தான் வேல செய்வாங்க. அவங்க மெஷின்ல மட்டும் போட்டா யாருக்கும் வம்பில்ல. அடுத்தவங்க சீட்டுல உக்காந்து ஏதாவது பாக்கணும்னாலும் டக்குனு மாத்திடுவாங்க, எழுந்து போகும்போது திரும்ப மாத்த மறந்துடுவாங்க. அந்த சீட்டுக்காரங்க வந்து கிளிக் பண்ணா ஃபைல் தொறக்காது, ஒரு மெனு வந்து தொங்கும். ஒடனே ஆபீஸ் பூரா கேக்கும், "அக்கா, மௌஸ மாத்திட்டுப் போங்கக்கா"ன்னு. தவுக்கே கூட அந்த ஒரு வாக்கியத்த மட்டும் தமிழ்ல கத்துக்கிட்டாரு. அதாவது அந்த ஆபீஸ்ல மௌஸ் இடது பக்கம் திரும்பியிருக்குன்னா ஒரே அர்த்தம்தான், அக்கா இங்க வந்து உக்காந்துட்டுப் போயிருக்காங்க.

அப்படிப்பட்டவங்க ஒரு நாள் காலையில பசியாறிட்டு கை கழுவப் போன எடத்துல விழுந்துட்டாங்க. மூளையில ரத்தக் கசிவுன்னாங்க. ஜேபி டவுன்ல பெரிய ஆஸ்பத்திரியில போட்டாங்க, ஆப்பரேஷன் ஆச்சு, கண்ணு மட்டும் தொறக்கல. நான் ஒரு தடவ போயி பாத்தேன். அவங்க வீட்டுக்காரரு சந்திரன் அண்ணன், பஸ் டிரைவரு, அதிகம் பேசாத மனுஷன், கட்டில் பக்கத்துல உக்காந்து அவங்க காலப் புடிச்சிட்டே இருந்தாரு. வாரக்கணக்காச்சு. டாக்டருங்க குடும்பத்தக் கூப்புட்டு, இனிமே என்ன செய்யலாம்னு நீங்க யோசிக்கணும்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் புரிஞ்சிச்சு.

இந்த நேரத்துலதான் தவுக்கே எனக்கு போன் போட்டாரு. திங்கக்கெழம பொது விடுமுற, சேந்தாப்புல ரெண்டு நாள் ஆபீஸ் பூட்டியிருக்கும், அத்தன கம்ப்யூட்டருக்கும் புது விண்டோஸ் போட்டுடு, விமலா சீட்டுக்கு புதுப் பொண்ணு வருது, அந்த மெஷினு ரொம்ப ஸ்லோ, அதுக்கு மட்டும் டிஸ்க்கயே மாத்திடுன்னாரு. எனக்கு மனசு கேக்கல. ஆனா கணக்குப் பாக்க ஆள் இல்லாம லாரி ஓட்டறவங்களுக்கு சம்பளம் போட முடியாதுன்னு அவரு சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு.

மத்தவங்ககிட்டயெல்லாம் முன்னாடியே போன்ல சரி வாங்கிட்டு ஞாயித்துக்கெழம காலையில போனேன். கேட்டுல ஒரு மலாய்க்காரப் பெரியவரு, காவலுக்கு ஜாகா வேல பாக்கறவரு, அவருதான் ஆபீஸத் தொறந்து விட்டாரு. முதல் வேலையா இன்டர்நெட்ட புடுங்கிட்டேன், வேல முடியற வரைக்கும் எதுவும் தானா எறங்கி வரக்கூடாதுன்னு. மொத மெஷினு, வாசலோரம் இருக்கறது, அழிச்சி, போட்டு, டிரைவரெல்லாம் ஏத்தி முடிச்சி கிளிக் பண்ணா மெனு தொங்குது. மௌஸ் கெட்டுப் போச்சுன்னு நெனச்சி வேற மௌஸ் மாட்டுனேன். அதுலயும் மெனு. செட்டிங் போயி பாத்தா இடது கை. இப்பதான் பொறந்த விண்டோஸ், இன்னும் யாரும் தொடல, அதுல யாரு இடது கை வச்சது? கைதவறி நானே மாத்தியிருப்பேன்னு சொல்லிட்டு வலது பக்கம் திருப்பி வச்சேன்.

ரெண்டாவது வேற பிராண்டு, வேற வயசு, சிங்கப்பூர்ல இருந்து வந்தது. முடிச்சிட்டு கிளிக் பண்றேன், மெனு தொங்குது. அலமாக். சரி, நான் கொண்டு வந்த யூஎஸ்பி குச்சியிலதான் கோளாறு, யாரோ கண்டத மாத்தி வச்ச விண்டோஸ எறக்கிட்டேன் போலன்னு காடியில இருந்த இன்னொரு குச்சிய எடுத்துட்டு வந்தேன். அது போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போட்டது, ஒரு புகார் கெடையாது. அத வச்சி மூணாவதப் போட்டேன். அது லேப்டாப்பு, மௌஸே கெடையாது, விரலால தடவறது. அதுலயும் இடது கை. சொன்னா நம்ப மாட்டீங்க, நான் எழுந்து மொத மெஷினுக்குப் போயி பாத்தேன், நான் கையால வலது பக்கம் திருப்பி வச்சது, அது மறுபடி இடது பக்கம் திரும்பியிருந்துச்சு.

வெளிய போயி ஜாகாவ, யாராவது உள்ள வந்தாங்களான்னு கேட்டேன். "யாரும் வரல, கேட்டே தொறக்கலயே"ன்னு மலாயில சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்துட்டு, தண்ணி குடின்னு போத்தல நீட்டுனாரு. குடிச்சேன். அவர்கிட்ட என்னன்னு சொல்றது, மௌஸ் திரும்பியிருக்குன்னா? அவரு என்ன எடுத்துக்கிட்டாலும் நான் பைத்தியக்காரன்தான்.

திரும்ப உள்ள போயி வேலையத் தொடர்ந்தேன், வேற என்ன செய்யறது. ஒன்னு விடாம எல்லாம் அதே கததான். புதுசு, பழசு, பெரிசு, சிறுசு, ஒரே கம்பெனி செஞ்சது ரெண்டு இல்லாத அந்த ஆபீஸ்ல எல்லாம் ஒன்னு போல இடது கை. மத்தியானத்துக்கு மேல மழ புடிச்சிச்சு, தகரக் கூரையில என்னத்தப் போட்டு ஒடைக்கறானோன்னு இருக்கும் அந்த சத்தம். நான் கடைசியா ஒரு மெஷின வலது பக்கம் திருப்பும்போது என்ன அறியாமலே வாய்விட்டு, "அக்கா, மௌஸ மாத்திட்டுப் போங்கக்கா"ன்னு சொல்லிட்டேன். சொன்னதும் எனக்கு அழுக வந்துடுச்சு. பயம்னு சொல்ல முடியாது. அவங்க அங்க இருக்காங்கன்னு தோணுச்சு, சீட்டு சீட்டா உக்காந்து பாத்துட்டு இருக்காங்கன்னு தோணுச்சு.

மிச்சம் இருந்தது அவங்க மெஷினு ஒன்னுதான். சரஸ்வதி பூசைக்கு அவங்க வச்ச சந்தனப் பொட்டு மானிட்டரு ஓரத்துல காஞ்சி போயி ஒட்டியிருந்துச்சு. நான் தவுக்கேக்கு போன் அடிச்சேன், இத மட்டும் விட்டுடலாமா பாஸ், பின்னாடி பாத்துக்கலாம்னேன். "நாளை மறுநா காலையில அந்தப் பொண்ணு வந்து எங்க உக்காரும், என் மடியிலயா?"ன்னு கேட்டாரு. அவருக்கு அவரு கவல.

சரின்னு யாருகிட்டயாவது கேட்டாகணுமே, சந்திரன் அண்ணனுக்குப் போட்டேன். ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு. சாயங்காலம் டாக்டரு கூப்புட்டிருக்காங்க, மெஷின எடுத்துடலாமான்னு கேக்கத்தான் கூப்புட்டிருக்காங்கன்னாரு. அவரு சொன்னது மூச்சு மெஷின. நான் மெதுவா, அண்ணே, அக்காவோட கம்ப்யூட்டரு, டிஸ்க்க எடுத்துட்டு புதுசு போடச் சொல்றாங்க, நீங்க சரின்னா செய்யறேன்னேன்.

"செய்ங்க தம்பி, அதுல என்ன இருக்கப் போவுது"ன்னாரு. வைக்கப் போனவரு வைக்காம, "காலையில இருந்து அவ இடது கை விரலு மட்டும் ஆடிட்டே இருக்கு தம்பி. டாக்டரு அதெல்லாம் ஒன்னுமில்ல, சும்மா நரம்பு துடிக்குதுன்றாங்க"ன்னாரு.

"எந்த விரலுண்ணே?"

"ஆள்காட்டி விரலு. தட்டுது, நிறுத்துது, தட்டுது."

நான் மௌஸப் பத்தி அவர்கிட்ட சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. சாகக் கெடக்கற பொண்டாட்டி பக்கத்துல நிக்கற மனுஷன்கிட்ட, உன் சம்சாரம் இங்க ஆபீஸ்ல சுத்துறான்னு எந்த வாயால சொல்றது. போன வச்சிட்டு அக்கா சீட்டுல உக்காந்தேன். என் பழக்கம் என்ன விடல. காலி ஆபீஸ்ல, மழ சத்தத்துல, சத்தமாவே கேட்டேன், "அக்கா, எடுக்கட்டுமா?" ஒன்னும் நடக்கல. அப்பறம் எனக்கே எம்மேல கோவம் வந்துச்சு, படிச்சவன், இதத் தொழிலா வச்சிருக்கறவன், ஒரு செட்டிங்கப் பாத்துட்டு வேலைய நிறுத்திட்டேன்னு வெளிய சொன்னா சிரிப்பானுங்க. பொட்டியத் தொறந்தேன், பழைய டிஸ்க்க கழட்டுனேன், புதுச மாட்டுனேன்.

விண்டோஸ் ஏறி முடிஞ்சதும் கிளிக் பண்ணேன். ஃபைல் தொறந்துச்சு. வலது கை. எழுந்து ஓடிப்போயி மத்ததெல்லாம் பாத்தேன், நான் திருப்பாததும் சேத்து எல்லாமே வலது கை. சந்தோஷப்பட வேண்டிய எடம், ஆனா எனக்கு அப்பதான் அந்த ஆபீஸ் காலியா இருக்குன்னே தோணுச்சு. காலையில இருந்து அப்படித் தோணவே இல்ல. சாமானெல்லாம் அள்ளிப் போட்டுட்டு கெளம்பிட்டேன்.

காடி ஸ்டார்ட் பண்ணிட்டு இருக்கும்போது சந்திரன் அண்ணன் கூப்புட்டாரு. அந்த மனுஷன் அழுது நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. "கண்ண முழிச்சிட்டா தம்பி"ன்னாரு. "இப்பதான். எல்லாரும் சுத்தி நிக்கும்போதே முழிச்சிட்டா." நான் ஸ்டீயரிங்ல தலைய வச்சிட்டு அழுதேன், ஜாகா ஓடி வந்து கண்ணாடியத் தட்டுனாரு. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், அவ சாமி அறையில விளக்கேத்துனா, நானும் போயி நின்னேன். நீங்க இதோட கதைய நிறுத்திக்கலாம்னு நெனப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அக்கா தேறி வந்தாங்க. நடந்தாங்க, பேசுனாங்க. வேலைக்கு வரல, சந்திரன் அண்ணன் வீட்டப் பூட்டிட்டு அவங்களக் கூட்டிட்டு குளுவாங்ல இருக்கற அவரு தம்பி வீட்டுப் பக்கமா போயிட்டாரு. சில மாசம் கழிச்சி அந்தப் பக்கம் ஒரு வேலையா போனப்ப பழம் வாங்கிட்டுப் போனேன். அக்கா வந்து கதவத் தொறந்து, "வாங்க, உக்காருங்க"ன்னாங்க. டாக்டருன்னு கத்தல. நான் யாருன்னு அண்ணன் சொல்லியிருந்ததால தெரிஞ்சிருக்கு. உள்ள போயி கோப்பி கலக்கி எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. வலது கையில குடுத்தாங்க, கொஞ்சமும் தடுமாறல. அங்க அவங்க கொழுந்தன் மக கம்ப்யூட்டர்ல ஏதோ செஞ்சிட்டு இருந்துச்சு, அக்காவுக்கும் காட்டுச்சு, அக்கா வலது கையால மௌஸப் புடிச்சாங்க. இடது கை மடியில சும்மா கெடந்துச்சு, நல்லாதான் இருந்துச்சு, ஒரு குறையும் இல்ல.

கோப்பிய அப்படியே வச்சிட்டேன். அவசர வேலன்னு சொல்லிட்டு கெளம்பிட்டேன். அண்ணன் காடி வரைக்கும் கூட வந்தாரு. "நல்லா இருக்காங்கண்ணே"ன்னேன்.

"நல்லாத்தான் இருக்கா"ன்னாரு. "என்னைய வாங்க போங்கன்றா தம்பி. முப்பது வருஷமா பேரு சொல்லித்தான் கூப்புடுவா, சண்டையில வாடா போடான்னுவா. இப்ப சண்டையே இல்ல. டாக்டரு, மூளையில அடிபட்டா சில பேரு இப்படி மாறிடுவாங்கன்றாங்க. உயிரோட இருக்காளே, அதுக்கு மேல கேட்டா சாமிக்கே அடுக்காது." காடிக் கதவப் புடிச்சிக்கிட்டாரு. அப்பறம், "தம்பி, அன்னிக்கு அவ கம்ப்யூட்டர்ல இருந்து ஒன்னு கழட்டுனீங்களே, அது இன்னும் இருக்கா?"ன்னாரு.

இருக்குண்ணே, என் கடையிலதான் இருக்குன்னேன்.

"அத திரும்பப் போட முடியுமா?"

எதுக்கு கேக்கறாருன்னு அவருக்கே தெரியல, கேட்டுட்டு தல குனிஞ்சிக்கிட்டாரு. நான் மௌஸப் பத்தி யாருக்கும் சொன்னதில்ல, என் வீட்டுக்காரியத் தவிர, அவ வெளிய சொல்றவ இல்ல. பாக்கறேண்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அந்த டிஸ்க் இன்னும் என் கடையில இரும்பு அலமாரியிலதான் இருக்கு, துணியில சுத்தி வச்சிருக்கேன். தவுக்கே தூக்கிப் போடுன்னுட்டாரு, என்னால முடியல. எதுலயும் மாட்டியும் பாக்கல. ஏன்னா ஒரு மெஷின்ல இருந்து கழட்டுனத, அது மேல வேற ஒன்னு ஏறுனதுக்கு அப்பறம் திரும்பக் கொண்டு போயி மாட்டுனா சில சமயம் ஓடும், சில சமயம் ரெண்டுமே போயிடும். தொழில்ல நான் ரெண்டையும் பாத்திருக்கேன். கம்ப்யூட்டருன்னா போனாப் போகுதுன்னு விடலாம். அங்க குளுவாங்ல ஒரு பொம்பள மூச்சு விட்டுட்டு, வாங்க உக்காருங்கன்னு பேசிட்டு இருக்காங்க. சம்பந்தம் இல்லன்னு நீங்க சொல்லுவீங்க, நானும் தெனம் அதத்தான் எனக்கு சொல்லிக்கறேன், ஆனா அண்ணன் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு, ரெண்டு தடவையும் நான் எடுக்கல.

கட சாவி எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. சாயங்காலம் ஷட்டர் எறக்கும்போது என் மேச மௌஸ் கீபோர்டுக்கு வலது பக்கம் இருக்கும், நான் பாத்துத்தான் எறக்கறேன். காலையில தொறந்தா இடது பக்கம் நகந்து கெடக்கு. கிளிக் பண்ணா மெனு தொங்குது. மொதல்ல எல்லாம் எடுத்து வலது பக்கம் வச்சிட்டு செட்டிங்க திருப்பிட்டு இருந்தேன், அந்த வாக்கியத்தச் சொல்ல வாய் வரைக்கும் வரும். இப்ப திருப்பறதில்ல. இடது கையில புடிக்கப் பழகிட்டேன், மெதுவாத்தான் வேல நடக்குது, பரவால்ல. அவங்களுக்கு உக்கார வேற எடம் இல்ல.